மூத்த மாப்பிள்ளையின் மூச்சு

அக்டோபர் 8, ஞாயிறு. டேராடூன்

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. தேனியில் முப்பத்துமூன்று வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் எழுதியதெல்லாம் ஓட்டப்பந்தய நேரமும் நீளம் தாண்டிய அளவும்தான். இந்த நோட்டு என் மனைவி பவளக்கொடி பையில் திணித்தது. "அவரைப் பத்தி அங்க போய் யார்கிட்டயும் பொருமாதீங்க. பொருமணும்னா இதுல பொருமிக்கோங்க" என்றாள்.

அவர் என்பது கனகசபாபதி. என் சகலை. பவளத்தின் அக்கா மரகதத்தைக் கட்டியவர். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, அவருக்கு ஐம்பத்தைந்து. இருந்தாலும் அக்காளைக் கட்டியதால் அவர் மூத்த மாப்பிள்ளை, தங்கச்சியைக் கட்டியதால் நான் இளைய மாப்பிள்ளை. முறைப்படி நான் அவரை அண்ணே என்று கூப்பிட வேண்டும். அவர் என்னைத் தம்பி என்று கூசாமல் கூப்பிடுகிறார். நான் இருபத்தேழு வருஷமாகத் தொண்டையைச் செருமியே காலத்தை ஓட்டிவிட்டேன். மாமனார் வீட்டில் முதல் இலை அவருக்கு, போட்டோவில் நடு நாற்காலி அவருக்கு. கிடா வெட்டினால் ஈரல் முதலில் அவருக்கு, மிச்சமிருந்தால் எனக்கு. மிச்சமிருந்ததில்லை.

இப்போது இமயமலையில் ஐந்து நாள் நடை. அவர் மகள் இணையத்தில் பார்த்துப் பதிவு செய்தாள். நாலு பேராக வந்திருக்க வேண்டும். கிளம்புகிற வாரம் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் முட்டிவலி வந்துவிட்டது. முட்டிவலியோடு இருவரும் மதுரைக்குப் போய்ப் பட்டுப்புடவை எடுத்ததாகக் கேள்வி.

விளம்பரத் தாளில் போட்டிருப்பது: "அக்டோபரில் தெளிந்த வானம், பொன்னிறப் புல்வெளி, கண்கொள்ளாக் காட்சி. பனி டிசம்பரில்தான்." நல்லது. பனி எல்லாம் நமக்கு எதற்கு.

அக்டோபர் 9, திங்கள். அடிவார கிராமம், 6,500 அடி

ஒன்பது மணி நேரம் ஜீப். முன் சீட்டில் யார் உட்கார்ந்தார் என்று எழுத வேண்டியதில்லை. "தம்பி, எனக்குப் பின்னாடி உக்காந்தா குமட்டும்" என்றார். எனக்கு மட்டும் மல்லிகைப்பூ மணக்குமா? ஆற்றையும் பாலத்தையும் அவர் பிடரிக்கு இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழிகாட்டி பெயர் விரேந்தர் ராணா. நாற்பத்தெட்டு வயது, ஒட்டிய வயிறு. பார்த்ததுமே பிடித்துவிட்டது. சமையல்காரர் ஜோத் சிங், அவரைவிடக் குள்ளம், பேசவே மாட்டார். ராணாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ்: ஸ்லோ ஸ்லோ, வெரி குட், நோ பிராப்ளம். எனக்குத் தெரிந்த இந்தி: நஹி மாலும், அதாவது தெரியாது. சகலை பேங்க் வேலையில் நாக்பூரில் பதினோரு வருஷம் இருந்தவர், இந்தியில் சண்டையே போடுவார். ஆகவே ராணா சொல்வது எல்லாம் இவர் வாய் வழியாகத்தான் எனக்கு வரும். இங்கேயும் முதல் பந்தி அவருக்கே.

தினமும் சாயங்காலம் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்ததே, அதுதான். எண்பதுக்குக் கீழே இறங்கினால் மேலே கூட்டிப்போக மாட்டார்கள். ஒருவரை இறக்கினால் இன்னொருவரும் இறங்க வேண்டும், ஒரே வழிகாட்டி என்பதால். ராணாவுக்கு எதிர் மலையில் மேயும் ஆடு தெரிகிறது, கையில் இருக்கிற எண் தெரியவில்லை. கண்ணாடி போட வெட்கமாம். அதனால் நான் எண்ணைப் படித்து உரக்கச் சொல்கிறேன், அவர் தாளில் பெரிது பெரிதாக எழுதிக்கொள்கிறார். என் தொண்டை மைதானத்துத் தொண்டை. ஊருக்கே கேட்டிருக்கும்.

மீட்டர்: நான் 95. அவர் 92.

அக்டோபர் 10, செவ்வாய். முதல் முகாம், 9,000 அடி

ஜெயம்! ஆறு மணி நேரம் ஏற்றம். முதல் ஆளாக நான். கால் மணி கழித்து ராணா. அரை மணி கழித்து சகலை, ஜோத் சிங் தோளைப் பிடித்துக்கொண்டு. வழி நெடுக தேவதாரு மரம், கீழே சருகு மெத்தை. ஒரு திருப்பத்தில் மரம் விலகி வெள்ளை மலை ஒன்று தலையை நீட்டியது. நான் மட்டும் நின்று பார்த்தேன். என் முன்னால் எவர் பிடரியும் இல்லை.

சகலை வந்து சேர்ந்ததும் சொன்னார்: "காட்சிய ரசிச்சிக்கிட்டே வந்தேன் தம்பி. அதான் லேட்டு." ரசித்தவர் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

சோறு வேகவில்லை. உயரத்தில் இப்படித்தானாம். அரிசியைப் பருப்புப் பொடி போட்டு மென்றோம்.

மீட்டர்: நான் 92. அவர் 81.

அக்டோபர் 11, புதன். இரண்டாம் முகாம், 10,600 அடி

பனி.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் சட்டையில் ஏதோ தூசி என்று தட்டிவிட்டேன். இந்தத் தூசி தட்டத் தட்ட வந்தது. சத்தமே கிடையாது. மழை என்றால் தகரத்திலாவது தட்டும். ஒரு மணி நேரத்தில் பொன்னிறப் புல்வெளி போன இடம் தெரியவில்லை. கல்யாண மேடைத் தெர்மாகோலை எவனோ மலை முழுக்க உதிர்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் முதல் பனி. வாயைத் திறந்து நாக்கை நீட்டிப் பிடித்தேன். ஜோத் சிங் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை, பெரிய மனுஷர்.

ராணா வானத்தைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். "ரெண்டு மாசம் முன்னாடியே வந்துருச்சாம். இவரு கல்யாணத்தன்னிக்குத்தான் இப்படிப் பாத்தாராம்" என்று சகலை மொழிபெயர்த்தார்.

சாயங்காலம் மீட்டர். அவர் விரலில் மாட்டினேன். 74. இன்னொரு விரல். 73. மறுபடி முதல் விரல். 74. ராணா பேனாவோடு காத்திருக்கிறார். சகலை என் பக்கம் சாய்ந்து, "தம்பி, எண்பத்து நாலுன்னு சொல்லிருங்க" என்றார்.

இருபத்தேழு வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. உப்புக்கூட என்னைத் தாண்டிக் கைநீட்டி எடுத்துக்கொள்வார்.

"எய்ட்டி ஃபோர்!" என்று கத்தினேன்.

"வெரி குட்" என்றார் ராணா.

ஏன் சொன்னேன்? இங்கே உண்மையைத்தானே எழுத வேண்டும். இவர் இறங்கினால் நானும் இறங்க வேண்டும். அப்புறம் ஊரில், "பனி பெஞ்சிருச்சு, இல்லன்னா ரெண்டு பேரும் ஏறிருப்போம்" என்று சமமாக முடிந்துவிடும். எனக்குச் சமம் வேண்டாம். உச்சிக்கு நூறு அடி கீழே வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்து, நான் மேலே நிற்பதை அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மீட்டர்: நான் 89. அவர் 74. சொன்னது 84. (பந்தய நேரத்தை நான் ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை. வாய் பொய் சொல்லட்டும், நோட்டு சொல்லக் கூடாது.)

அக்டோபர் 12, வியாழன். அதே முகாம்

காலை முழுக்கப் பனி. டென்ட்டுக்குள் சீட்டு. அவர் நாலு ஆட்டம் ஜெயித்தார். ஐந்தாவதில் தூங்கிவிட்டார். கையில் பிடித்தபடியே தூங்கியவரின் சீட்டை நான் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தடவைதான் பார்த்தேன்.

மத்தியானம் வெயில் அடித்தது. இந்த மலையின் மிகச் சிறந்த காட்சி எங்கிருந்து தெரிகிறது என்று எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. கக்கூஸ் டென்ட்டிலிருந்துதான். ஜிப் பாதியில் அறுந்துவிட்டது. குந்தியிருப்பவனுக்கு நேர் எதிரே பந்தர்பூஞ்ச் சிகரம், முழுசாக, வெண்ணெய் உருண்டையாக. கீழே பின்பக்கம் விறைக்கிறது, மேலே கண் குளிர்கிறது. எழுந்திருக்க மனசே வரவில்லை. வெளியே சகலை, "தம்பி, எனக்கு அவசரம்" என்று குரல் கொடுத்தார். முதல் முறையாக அவர் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார். நிதானமாக எழுந்தேன்.

அவர் பையிலிருந்து துண்டு எடுக்கப் போனபோது மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. என் ஹெட்மாஸ்டர் சாப்பிட்டது இதே மாத்திரைதான், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "வாயு" என்றார். போன மாசி மாதம் இவர் ஏதோ வேலையாகச் சென்னை போய்ப் பத்து நாள் இருந்தாரே என்று ஞாபகம் வந்தது. மேலே கேட்கவில்லை. வாயு என்றால் வாயு.

முதல் நாள் நான் எழுதிய ஒரு வரியைத் திருத்த வேண்டும். அவர் மகள் பதிவு செய்தாள் என்று எழுதியிருக்கிறேன், அது சரிதான். ஏன் பதிவு செய்தாள் என்று எழுதவில்லை. சித்திரையில் ஒரு காதுகுத்து. பந்தியில் முதல் இலை வழக்கம்போல அவருக்குப் போனது. எனக்குக் கடைசி வரிசையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நான் எழுந்து நின்று, "முதல் இலையில உக்கார எல்லாராலயும் முடியும். முதல் ஆளா ஒரு மலை ஏறச் சொல்லுங்க பாப்போம், தொப்பை வழி விடுதான்னு" என்றேன். இருநூறு பேர். மைதானத்துத் தொண்டை. அவர் சிரித்துக்கொண்டே, "எந்த மலை தம்பி? நீங்களே சொல்லுங்க" என்றார். அப்போது அவருக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

முகாமில் இருந்த மற்ற இரண்டு குழுக்களும் திரும்பிப் போய்விட்டன. நாளை வானம் தெளிந்தால் ஐந்து மணிக்கு உச்சிக்குக் கிளம்பலாம், இரண்டு பேருக்கும் எண் நன்றாக இருப்பதால்தான் தைரியம் என்றாராம் ராணா.

மீட்டர்: நான் 88. அவர் 69. சொன்னது 83. சொல்லும்போது தொண்டை கொஞ்சம் இறங்கியது.

அக்டோபர் 13, வெள்ளி. கீழே ஆஸ்பத்திரி பெஞ்சு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்து மணி. காலணிக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலியை சகலை கையில் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மாட்டிவிட்டேன். அவர் காலை என் மடியில் வைத்து. விளையாட்டுப் போட்டிக்கு முன் பையன்களுக்குச் செய்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை பனி. ராணா முன்னால் மிதித்துப் பாதை போட்டார், அடுத்து நான், அடுத்து சகலை, கடைசியில் ஜோத் சிங். ஒன்றரை மணி நேரத்தில் மரங்கள் எல்லாம் கீழே போய்விட்டன. ஆறே முக்காலுக்குச் சூரியன். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சிகரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக்கொண்டன. கண்ணில் நீர் வந்தது, குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியில் நட்டிருக்கும் கொடிக் கம்பு தெரிந்தது. மிஞ்சிப்போனால் இருநூறு அடி. நான் நினைத்தது நினைத்தபடி நடக்கப் போகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

சகலை பாதையில் இல்லை. பாதைக்கு இடது பக்கம், சரிவை நோக்கி, டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர் மாதிரி கால் பின்ன நடந்துகொண்டிருந்தார். ஜோத் சிங் அவர் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். அவர் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

"தம்பி, பந்தி ஆரம்பிச்சாச்சா?"

"என்ன பந்தி?"

"மொத எலைல நீங்க உக்காருங்க தம்பி. எனக்குப் பசிக்கல."

மேல் மூச்சு வாங்குகிறவனை மைதானத்தில் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். இது மூச்சு இல்லை, புத்தி போய்க்கொண்டிருக்கிறது. ராணாவிடம் சொல்ல வேண்டும். எந்த மொழியில்? "சார், ப்ராப்ளம். ஹிம். நாட் குட். எய்ட்டி த்ரீ நஹி!" என்றேன். ராணா புரியாமல் சகலையைப் பார்த்தார். என்ன சொல்கிறார் இவர் என்று அவரிடமே கேட்டார். சகலை நெஞ்சை நிமிர்த்தி இந்தியில் ஏதோ சொன்னார். ராணா சிரித்து என் தோளைத் தட்டி, "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்றார்.

"என்னய்யா சொன்னீரு அவர்ட்ட?"

"காட்சி பிரமாதம்னு நீங்க சொல்றதா சொன்னேன்" என்றார் சகலை. சொல்லிவிட்டு மறுபடியும் சரிவுப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார்.

"டேய் சபாபதி! உக்காருடா கீழ!"

இருபத்தேழு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. எதிர் மலை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. சகலை ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி பொத்தென்று பனியில் உட்கார்ந்தார்.

அவர் கையுறையை உருவி, விரலை ராணா முன்னால் நீட்டி, மீட்டர் என்று சைகை காட்டினேன். மாட்டினார். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ராணா மூக்கில் வைத்தேன். 58. ராணா மீட்டரைத் தட்டிப் பார்த்தார். 57. தாளை எடுத்துக் காட்டினார்: நேற்று 83 என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. எப்படி என்று கையை விரித்தார்.

நான் இந்த நோட்டை எடுத்தேன். ராணாவுக்குத் தமிழ் தெரியாது. எண் தெரியும். 74-ஐக் காட்டினேன், பக்கத்தில் 84. பக்கம் திருப்பினேன். 69, பக்கத்தில் 83. பிறகு என் வாயைத் தொட்டுக் காட்டினேன்.

என் கண்ணாடிக்குள்ளிருந்து ராணா என்னைப் பார்த்தார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். நல்ல மனிதர் திட்டினால் தாங்காது. சகலை உட்கார்ந்தபடியே, பதினோரு வருஷப் பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு வரி வரியாக மொழிபெயர்த்தார்: "நீ மனுஷனாங்கிறார் தம்பி... எனக்கு ரெண்டு பிள்ளைங்க, என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியாங்கிறார்... இந்த ஆள் செத்தா இவன் பொண்டாட்டிட்ட நீ போய்ச் சொல்லுவியாங்கிறார்... இதுக்கப்புறம் கெட்ட வார்த்தை. அது வேண்டாம்."

அதுவும் வேண்டும் போலத்தான் இருந்தது எனக்கு.

ராணா தன் கயிற்றை அவிழ்த்து சகலை இடுப்பில் கட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஜோத் சிங்கைக் காட்டி, உச்சியைக் காட்டி, "யூ. டாப். ஃபிப்டீன் மினிட். கோ" என்றார். கோபத்திலும் வேலையில் நியாயம் தவறாதவர். ஜோத் சிங் தயாராக நின்றார். பதினைந்து நிமிஷம். கொடிக் கம்பில் கட்டியிருந்த துணி காற்றில் படபடத்தது கூடத் தெரிந்தது.

என் வலது முட்டி லேசாக உறுத்தியது. அதனால் போகவில்லை. அக்கா தங்கைக்கு வருகிற முட்டிவலி மாப்பிள்ளைக்கு வரக் கூடாதா?

ஒரு தோளை ராணா தாங்க, மறு தோளை நான் தாங்கினேன். பயமாக இருந்தது. வழியெல்லாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே வந்தேன், தூங்கிவிடக் கூடாது என்று. ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டபோது மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். இரண்டாம் முகாமில் வாந்தி எடுத்தார். முதல் முகாமில் தேவதாரு நிழலில் கண்ணைத் திறந்து, டீ கேட்டு, சர்க்கரை பத்தவில்லை என்று குறை சொன்னார். அந்தக் குறை காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. கிராமத்திலிருந்து ஜீப். பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். முன் சீட்டு காலியாகவே வந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். இன்னும் இரண்டு மணி நேரம் மேலே இருந்திருந்தால் கீழே கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்று இங்கிலீஷில் சொன்னாள். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, சனி. ஆஸ்பத்திரி

காலையில்தான் போனுக்கு உயிர் வந்தது. முதல் அழைப்பே மரகதம்.

"தம்பி, எங்க இருக்கீங்க? ரெண்டு நாளா போனே போகல. அவருக்கு மீட்டர் வச்சுப் பாக்குறாங்களா? எவ்வளவு இருக்கு?"

கட்டிலில் சகலை எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூக்கில் குழாயோடு, இரண்டு கையாலும் எண் காட்டுகிறார்: தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து. கண்ணால் கெஞ்சுகிறார்.

"எண்பத்தொம்பது" என்றேன். "ஆக்ஸிஜன் வச்சு எண்பத்தொம்பது. நேத்து மலையில அம்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில இருக்கோம். ஆபத்து இல்லேன்னுட்டாங்க. அதுக்கு முந்துன ரெண்டு நாளும் நான் பொய் எண் சொன்னேன். நான்தான் காரணம்." எல்லாவற்றையும் சொன்னேன், காதுகுத்து வீட்டில் ஆரம்பித்து. உச்சிக்கு நூறு அடி கீழே அவரை உட்கார வைக்க ஆசைப்பட்டதையும் விடவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ராணா திட்டிய வார்த்தைகளில் பாதியாவது வரட்டும் என்று இருந்தது.

"தம்பி," என்றாள் மரகதம். குரல் உடைந்திருந்தது. "ஸ்டென்ட் வச்ச டாக்டர் போகவே கூடாதுன்னுட்டாரு. நான் காலப் பிடிக்காத குறை. இவரு கேக்கலியே. 'நான் என்ன தனியாவா போறேன், வாத்தியாரு கூட வர்றாரு. எனக்கு ஒண்ணுன்னா அவரு விட்ருவாரா'ன்னு சொல்லித்தான் கிளம்புனாரு. அதைக் கேட்டுத்தான் நானும் விட்டேன்."

சரி என்றேன். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எதிரே இரவு விழுந்த புதுப் பனியில் மலை பளீரென்று இருந்தது. சுற்றுலா வந்த நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன். முப்பத்துமூன்று வருஷத்தில் எந்தப் பையனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே போனபோது பேசி முடித்துக் கண் மூடிப் படுத்திருந்தார். கம்பளிக்கு வெளியே கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன், ஐஸ். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி, தம்பி" என்றார்.

அழுத்தினேன்.